மக்காச்சோளம் குறைந்த வருடம்

கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்த அடுத்த வருடத்திலிருந்து மக்காச்சோளத்தோடுதான் என் பிழைப்பு. திருப்பத்தூர் சாலையில், ஊரைத் தாண்டி ஒரு கோடவுன். பெரம்பலூர், திண்டுக்கல் பக்கமிருந்து மக்காச்சோளம் வரும். அங்கே போதாதபோது கர்நாடகாவிலிருந்தும் வடக்கே பீகாரிலிருந்தும் லாரிகள் வரும். அதை வாங்கி அடுக்கி, தேவகோட்டை, கல்லல், நாச்சியாபுரம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனத்துக்காகக் கொடுக்கிறோம். வரும் மூட்டையில் குத்தூசியை விட்டு மணியை எடுத்து, ஈரம் எவ்வளவு இருக்கிறது, வண்டு விழுந்திருக்கிறதா, பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. உள்ளே எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு போகிறது என்பதும் என் பொறுப்புதான்.

நாட்டின் மக்காச்சோள இருப்பு என்று செய்திகளில் சொல்வார்கள். ஒரு வருடம் விளைந்ததில் கோழி தின்றது, மாவு ஆலைக்கும் எத்தனால் ஆலைக்கும் போனது, வெளிநாட்டுக்கு விற்றது எல்லாம் போக மிஞ்சி நிற்பது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் நாடு அடுத்த வருடத்துக்குள் நுழையும். அது கூடியதா குறைந்ததா என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூடிய வருடத்தில் லாரிக்காரர்கள் எங்களிடம் கெஞ்சுவார்கள். குறைந்த வருடத்தில் நாங்கள் அவர்களிடம் கெஞ்சுவோம்.

சமீபத்தில் அடுத்தடுத்து வந்த மூன்று வருடங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முதல் வருடம் எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம். கோடவுனில் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கி, அதற்கு மேல் வந்ததை வாசல் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். முதலாளி காலையிலிருந்து போனில் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். "எடமில்லண்ணே. கொண்டு வந்துராதீக. வந்தா ரோட்டுலதான் எறக்கணும்." விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த மனிதர். சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைக்கும்போது முகம் நன்றாக இருக்காது.

அந்த வருடத்தில்தான் என் கணவரின் அக்கா கோடவுனுக்கு வந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். நாச்சியாபுரத்தில் வீடு. அவருடைய கணவர் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். வருடம் ஒருமுறை வந்து போவார். மதினிக்கும் எனக்கும் பகை கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. விசேஷ வீட்டில் பார்த்தால் நலம் விசாரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். அன்றைக்கு வந்தவர் அடுக்கியிருந்த மூட்டைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏத்தா, இப்படிக் கொட்டிக் கெடக்கே. கோழி வளத்தாக் கட்டுமா?"

"இந்த வெலைக்குக் கட்டும் மதினி. ஆனா எல்லா வருசமும் இப்படிக் கெடக்காது."

"கெடக்குற வருசத்துல ஆரம்பிப்போம். மத்தத அப்புறம் பாத்துக்கிருவோம்."

ஆரம்பித்தும்விட்டார். வீட்டுக்குப் பின்னாலிருந்த நிலத்தில் இரண்டு கொட்டகை. சில நூறு நாட்டுக்கோழிகள். கோழி முட்டையிடத் தொடங்கியதும் தானே ஸ்கூட்டரில் அட்டைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு கானாடுகாத்தானுக்குப் போனார். அங்கே பெரிய வீடுகள் சிலவற்றை ஓட்டலாக நடத்துகிறார்கள் அல்லவா, அதில் ஒன்றின் சமையல்காரர் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். மஞ்சள் கரு நல்ல செம்மஞ்சளாகக் குண்டாக நின்றது. அன்றிலிருந்து தினமும் அங்கே மதினியின் முட்டைதான். இன்னும் இரண்டு ஓட்டல்களும் சேர்ந்துகொண்டன. மலேசியாவிலிருந்து அவர் கணவர் வீடியோ காலில் கோழிகளைக் காட்டச் சொல்லிப் பார்த்தாராம். மதினி சிரித்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பாரு. இப்பக் கோழி மூஞ்சியப் பாக்குறாரு."

இரண்டாம் வருடம் எல்லாம் தலைகீழானது. முந்தின வருடம் விலை போகாமல் நொந்தவர்கள் பருத்திக்கு மாறிவிட்டார்கள். மக்காச்சோளம் போட்டவர்களுக்கோ மணி பிடிக்கும் நேரத்தில் மழை இல்லை. படைப்புழு வேறு குருத்தைத் தின்றது. வடக்கேயிருந்து எங்களுக்கு வரவேண்டிய லாரிகள் வழியிலேயே எத்தனால் ஆலைகளுக்குத் திரும்பின. நாட்டின் இருப்பு மளமளவென்று இறங்கிவிட்டது என்று செய்தியில் வந்தபோது, எங்கள் கோடவுனில் தரை தெரியத் தொடங்கியிருந்தது. உள்ளே பேசினால் எதிரொலித்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அம்மா, பெரிய பண்ணைக்காரன் எப்படியும் எங்கேயாவது வாங்கிருவான். சின்ன ஆளுகளத்தான் நாம பாக்கணும். வர்றதப் பிச்சுப் பிச்சு எல்லாருக்கும் குடுங்க. எல்லாருக்கும் பாதி. எனக்கு வேண்டியவன், உங்களுக்கு வேண்டியவன்னு ஒன்னும் கெடையாது."

அப்படியே செய்தேன். பாதி மக்காச்சோளத்தை வாங்கிப்போனவர்கள் மீதிக்குக் குருணையையும் தவிட்டையும் கலந்தார்கள். மதினியும் அப்படித்தான் கலந்தார். கோழி பசியாறும், முட்டையும் இடும். ஆனால் அரிசிக் குருணை தின்ற கோழியின் முட்டையில் கருவுக்கு நிறம் வராது.

ஒரு நாள் காலை மதினி விறுவிறுவென்று வந்தார். துண்டில் சுற்றிக் கொண்டுவந்த இரண்டு முட்டைகளை எடுத்தார். என் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியை இழுத்து அதில் உடைத்து ஊற்றினார். கரு வெளிறிப்போய், மோரில் துளி மஞ்சள்தூள் விழுந்ததுபோல இருந்தது.

"சமையக்காரரு திருப்பி அனுப்பிட்டாருத்தா. வெளிநாட்டுக்காரவுக கேக்குறாகளாம், முட்ட கெட்டுப்போச்சான்னு. கெடல, கோழி மக்கா திங்கலன்னு அவரு எந்தப் பாசையில சொல்வாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஆனால் அது ஒரு நொடிதான்.

"அங்குட்டு அடுக்கியிருக்கே, அது யாருக்கு?"

"கல்லல் பக்கத்துல ஒருத்தருக்கு மதினி. நாளைக்கு வந்து எடுத்துக்கிருவாரு."

"அவரு உனக்கு என்ன வேணும்?"

"ஒறவெல்லாம் ஒன்னும் இல்ல. உங்களுக்கு எவ்வளவோ அதேதான் அவருக்கும். அவரும் பாதியிலதான் ஓட்டுறாரு."

மதினி மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ சொல்றது நியாயந்தான்" என்றார். "ஆனா நியாயத்தக் கோழி திங்காதுல்ல."

அந்த வாரமே ஒரு கொட்டகைக் கோழிகளை விற்றுவிடுவது என்று முடிவுசெய்தார். எல்லாவற்றையும் அரைவயிறாக வைத்திருப்பதைவிடப் பாதியையாவது நன்றாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. நானும் என் கணவரும் உதவிக்குப் போயிருந்தோம். கறிக்கடைக்காரரின் வண்டி வந்து நின்றது. முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழிகளைக் கறிக்கு அனுப்புவது யாருக்கும் பிடிப்பதில்லை. பிடித்துக் கூண்டில் அடைத்துக்கொண்டிருந்தபோதே ஒரு கோழி கூண்டுக்குள் முட்டையிட்டது. அந்தக் கடைக்காரர் கம்பிக்குள் கையைவிட்டு அதை எடுத்து மதினியிடம் நீட்டினார். மதினி வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பதென்று தெரியாமல் வண்டி கிளம்பும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

வண்டி போனபிறகு உட்காருவார் என்று பார்த்தேன். காலிக் கொட்டகையில் தண்ணீர்க் குவளைகளைக் கழற்றிக் கழுவ ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் போய்க் குத்தவைத்துக் கழுவினேன். பாதிக்குமேல் கழுவியாயிற்று. பிறகு அவராகவே, "உம்மேல எனக்கு ஒன்னும் இல்லத்தா" என்றார். "தெரியும் மதினி" என்றேன். உண்மையில் அதுவரை தெரியாது.

மறுநாள் முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார்.

"பெரம்பலூருக்கு அங்குட்டு ஒரு குடும்பம் இருக்கு. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருதான். கெணத்துத் தண்ணியில அவுகளுக்கு மட்டும் நல்லா வெளஞ்சிருக்காம். எந்த யாவாரிக்கும் குடுக்க மாட்டேங்குறாக. நான் போனா வாசல்லயே நிறுத்திருவாக. போன வருசம் அவுக போன் பண்ணுனப்ப எடமில்லன்னு சொன்ன ஆளுகள்ல நானும் ஒருத்தன். உங்க மதினி யாவாரி இல்லையே, போய்க் கேட்டுப் பாருங்க."

லீவும் கொடுத்தார், கோடவுனின் குட்டியானை வண்டியையும் கொடுத்தார். என் கணவர் ஓட்ட, நானும் மதினியும் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு புதுக்கோட்டை, திருச்சி வழியாகப் போனோம். சும்மா போகக்கூடாது என்று மதினி ஓர் அட்டை முட்டையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

வெயில் ஏறியபிறகு போய்ச் சேர்ந்தோம். களத்தில் கதிர்கள் குவிந்து கிடந்தன. ஒரு வருடமாக அவ்வளவு மஞ்சளை ஒரே இடத்தில் நான் பார்த்திருக்கவில்லை. அறுபதை நெருங்கிய ஒரு மனிதர் கோலால் கதிர்களைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி நிழலில் கதிர் உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"காரைக்குடிங்க" என்றார் என் கணவர்.

"காரைக்குடியா? போன வருஷம் காரைக்குடிக்கும்தான் போன் அடிச்சோம். எடமில்லைன்னுட்டாங்க."

மறைத்துப் பேசினால் பிறகு சிக்கல் என்று தோன்றியது. "அந்தக் கோடவுன்லதான் நான் வேலை பாக்குறேங்க" என்றேன். என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பெரியவர் கோலைக் கீழே வைத்தார்.

"சரி, வந்ததும் சொல்லிட்டீங்க. நிழலுக்கு வாங்க."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு முந்தின வருடத்துக் கதையைச் சொன்னார். விற்க முடியாமல் களத்திலேயே கிடந்த குவியலில் எதிர்பாராத மழை விழுந்து, கதிரோடு முளைவிட்டுவிட்டதாம்.

"டிவியில சொன்னாங்க, நாட்டுல மக்காச்சோளம் ஏகத்துக்கும் இருக்கு, கவலையே வேண்டாம்னு. நாங்க ரெண்டு பேரும் முளைச்ச கதிரை அள்ளிக் குப்பையில கொட்டிக்கிட்டு இருந்தோம். 'யாருக்குக் கவலை வேண்டாம்னு சொல்றாங்க?'ன்னு இவ கேட்டா. என்னன்னு சொல்றது? இந்த வருஷம் தினம் ஒருத்தன் வண்டியோட வர்றான். போன வருஷம் போனையே எடுக்காதவன்லாம் அண்ணே அண்ணேங்கிறான். குடுக்க மனசு வரலை."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். இருப்பு குறைந்துவிட்டது என்ற செய்தியை நான் ஒரு வருடமாக இழவுச் செய்தியைப்போலக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதே செய்தி இந்த வீட்டில் ஒரு மனிதரை நிமிர்ந்து உட்கார வைத்திருக்கிறது.

என் கணவர் ஏதோ சமாதானமாகச் சொல்ல வாயெடுத்தார். மதினி முந்திக்கொண்டார்.

"குடுக்காதீக. நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

அந்த அம்மாள் உரித்துக்கொண்டிருந்த கதிரை நிறுத்திவிட்டு மதினியைப் பார்த்தார். மதினி முட்டை அட்டையை அவர் பக்கம் நகர்த்தினார். "எங்க கோழி முட்டைங்க. இப்ப பாக்க நல்லாருக்காது. வெலக்கி வச்சிராதீக, ருசி ஒன்னும் கொறையாது." அந்த அம்மாள் எழுந்து போய் ஒன்றை உடைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "என்ன இது, சோகை பிடிச்ச மாதிரி இருக்கு!" பிறகு இருவரும் கோழிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்த வீட்டிலும் நாலைந்து கோழிகள் வாசலில் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கொட்டகைக் கோழியை விற்றதை மதினி சொல்லும்போது அந்த அம்மாள் "அடப்பாவமே, முட்டை வச்சிக்கிட்டு இருந்ததையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சாப்பிட வைத்தார்கள். சாப்பிட்டுக் கைகழுவி வந்தபிறகுதான் மதினி விஷயத்துக்கு வந்தார்.

"ஒன்னு சொல்றேன். வேணாம்னா வேணாங்க, நாங்க கெளம்பிருவோம். இந்த வருசம் உங்க கை மேல இருக்கு. அடுத்த வருசமோ அதுக்கு அடுத்த வருசமோ மறுபடி கொட்டிக் கெடக்கும். அப்பவும் நான் வருவேன். உங்ககிட்ட எடுக்காம வேற ஆளுகிட்ட எடுக்க மாட்டேன். போன வருச வெலையும் வேணாம், இந்த வருச வெலையும் வேணாம். நடுவாந்தரமா ஒன்ன வச்சுக்கிட்டு ஏறுனாலும் எறங்குனாலும் அதுலயே போவோம்."

பெரியவர் சிரித்தார். "கொட்டிக் கெடக்குற வருஷம் நீங்க வரலைன்னா?"

"வரலன்னா நீங்க ஒன்னும் பண்ண முடியாது."

பெரியவர் எழுந்தார். களத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவிதான் உள்ளே போய் ஒரு காலிச் சாக்கை எடுத்துவந்து உதறினார். "கதிரடிக்கிற மெஷினுக்கு ஆளு கெடைக்கலை. கதிராத்தான் இருக்கு. கொஞ்சம் எல்லாரும் சேந்து உதிர்த்தா இன்னைக்கே நாலஞ்சு மூட்டை ஏத்திடலாம்" என்றார். கணவரிடம் கேட்கவும் இல்லை. சாயங்காலம்வரை ஐந்து பேரும் உட்கார்ந்து உதிர்த்தோம். எனக்குக் கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது. வருடக்கணக்காக மக்காச்சோளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். கதிரிலிருந்து உதிர்ப்பது அன்றைக்குத்தான் முதல்முறை.

மிச்சத்தையும் அந்த நடு விலைக்கே மாதாமாதம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அப்படியே எடுத்தோம். மதினிக்குக் கோடவுனில் கொடுத்துவந்த பங்கு மற்றவர்களுக்குப் பிரிந்துபோனது. கானாடுகாத்தான் சமையல்காரர் மறுபடி முட்டை வாங்கத் தொடங்கினார். ஆனால் இரண்டு ஓட்டல்கள் வேறிடம் பார்த்துக்கொண்டன. அவை திரும்பி வரவே இல்லை. ஒரு கொட்டகை காலியாகவே கிடந்தது.

மூன்றாம் வருடம் மழை நன்றாகப் பெய்தது. முந்தின வருட விலையைப் பார்த்து எல்லாரும் மக்காச்சோளமே போட்டார்கள். நாட்டின் இருப்பு ஏறுகிறது என்று செய்தி. கோடவுன் வாசலில் மறுபடியும் லாரி வரிசை. விலை இறங்கி, மதினி பேசிவிட்டு வந்த விலைக்குக் கீழே போனது.

"அக்கா, இங்க சல்லிசாக் கெடக்கு. எதுக்குப் பெரம்பலூருக்கு வண்டிய வெரட்டிக்கிட்டு?" என்று என் கணவர் கேட்டார்.  முட்டை விலையும் அப்போது படுத்திருந்தது. ஒரு நாள் கோடவுனுக்கு வந்து, கூரைவரை அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"மனசு தடுமாறத்தான் செய்யுதுத்தா. அன்னைக்கு அவுகளுக்கு முன்னால சுளுவாச் சொல்லிட்டேன்."

இப்படிச் செய்யுங்கள் என்று நான் எதையும் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் பெரம்பலூரிலிருந்து அந்த அம்மாள் போன் செய்தாராம். மக்காச்சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கோழிகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் விசாரித்தாராம். கேட்க வாய் வராமல்தான் கோழியை விசாரிக்கிறார் என்று மதினிக்குப் புரிந்துவிட்டது. "அப்படி ஒரு பொம்பளைய எப்படித்தா ஏமாத்துறது?" என்றார்.

தனக்கு வேண்டியதைப் பேசிய விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னதோடு, அவர்களிடம் விற்காமல் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து தன் காலிக் கொட்டகையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். களத்தில் கிடந்து நனைவதற்கு இது மேல். விலை ஏறும்போது அவர்கள் விற்றுக்கொள்ளட்டும். இடத்துக்கு ஒன்றும் வேண்டாம். நான் ஈரப்பதம் பார்க்கும் மெஷினைக் கொண்டுபோனேன். தரையில் கட்டைகளைப் பரப்பி, சுவரைவிட்டுத் தள்ளி அடுக்க வேண்டும் என்று சொன்னேன். கட்டைக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முதலாளியே தன் வண்டியில் கட்டைகளை ஏற்றிக்கொண்டு நாச்சியாபுரத்துக்கு வந்துவிட்டார்.

பெரம்பலூர்ப் பெரியவர் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். முதலாளி நேரே அவரிடம் போனார்.

"எடமில்லன்னு அன்னைக்குச் சொன்னது நான்தாங்க."

பெரியவர் தோளிலிருந்த மூட்டையை இறக்காமலே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வர்ற வழியில உங்க கோடவுனைப் பார்த்தேன். நெஜமாவே எடமில்லைதான். மூட்டையோட அந்த முனையைப் பிடிங்க" என்றார்.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். மூட்டை தூக்கிப் பழக்கம் விட்டுப்போனதால் அவருக்கு மூச்சு வாங்கியது. இறக்கி முடித்தபிறகு இருவரும் ஒரே படியில் உட்கார்ந்து படைப்புழுவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நாச்சியாபுரத்துக்குப் போகிறேன். மூட்டைகளில் வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் மதினியோடு பாதி நாள் போய்விடுகிறது. போன ஞாயிறு நாங்கள் சாக்குகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் போனில் வந்தார். அடுத்த போகத்துக்கு மக்காச்சோளம் போடலாமா, வேறு ஏதாவது பார்க்கலாமா, செய்தியில் என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். இருப்பு இன்னும் ஏறும் என்று ஒரு பேச்சும், ஆலைகள் எடுத்தால் குறைந்துவிடும் என்று ஒரு பேச்சும் இருப்பதைச் சொன்னேன். எனக்கு உறுதியாகத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

"அப்ப பாதி மக்காச்சோளம், பாதி உளுந்துன்னு போடறோம். உங்க மதினிகிட்டச் சொல்லிடுங்க" என்றார்.

மதினி சாக்கின் மறுமுனையைப் பிடித்தபடியே கேட்டார்: "என்னங்குறாக?"

சொன்னேன். "எனக்குப் பாதி போதும்" என்றார். வெயில் சாய்வதற்குள் மிச்சமிருந்த சாக்குகளையும் இருவருமாக இழுத்துப் பரப்பினோம்.